தேயிலை தந்த வாழ்வும் தங்காத வீடும்

மண்ணிலிருந்தோ மலையிலிருந்தோ செல்வத்தை எடுக்கும் பெருந்தொழில் ஒன்று எங்கே தொடங்கினாலும், அதனால் அந்த வட்டாரத்து மக்களுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு ஏறத்தாழ ஒரே விடைதான் சொல்லப்படுகிறது: வேலை கிடைக்கும், சாலை வரும், பள்ளியும் மருந்தகமும் எழும், கடைத்தெரு பெருகும், அரசுக்கு வருமானம் சேரும். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் தார் போன்ற கெட்டி எண்ணெய் ஒட்டிய மணலைத் தோண்டிச் சுத்திகரிக்கும் ‘எண்ணெய் மணல்’ தொழில் 1967இல் வணிக அளவில் தொடங்கியபோதும் இந்த விடைதான் சொல்லப்பட்டது. அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், மலாயாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் காடு வெட்டித் தேயிலை நட்டபோதும் இதுவேதான் நடந்தது. அந்த விடையில் பொய் இல்லை. ஆனால் ‘நன்மை’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன: வேலை இருக்கும்வரை அனுபவிக்கக் கிடைப்பது ஒன்று, வேலை போன பிறகும் கையில் நிற்பது மற்றொன்று. பெருந்தொழில்களின் சமூகப் பயனைக் கணக்கிடும்போது இந்த இரண்டையும் ஒரே பத்தியில் கூட்டிவிடும் வழக்கம் எத்தனை பெரிய பிழையை உண்டாக்குகிறது என்பதைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் கதையைப்போலத் தெளிவாகக் காட்டும் கதை வேறொன்று கிடைப்பது அரிது.

கேமரன் மலையின் பிரிஞ்சாங் நகரத்தைக் கடந்து வடக்கே திரிங்காப் நோக்கிச் செல்லும் சாலையில், கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், காய்கறிச் சந்தையும் படிப்படியாக வெட்டிய தோட்டங்களுமாக அமைந்திருக்கும் இடம் கியா பார்ம். சாலையோரக் கடைகளில் கோசும் கேரட்டும் சோளமும் ஸ்ட்ராபெரியும் குவிந்திருக்க, விடுமுறை நாட்களில் வாகனங்கள் நகர முடியாமல் நிற்கும் இந்தச் சந்தைக்கு அருகிலிருந்து பிரியும் மலைப்பாதைதான் போ (BOH) என்ற தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு இட்டுச் செல்கிறது. சந்தையும் தோட்டமும் இப்படி அடுத்தடுத்து அமைந்திருப்பதால், இம்மலையின் பழைய பொருளாதாரமும் புதிய பொருளாதாரமும் ஒரே பார்வையில் விளங்கும் இடமாகக் கியா பார்ம் ஆகிவிட்டது.

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைப் பற்றிய குறிப்பை எழுதிய பிறகும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வெளியுலகம் இதைத் தொடவில்லை. 1925இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளராக இருந்த ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கே வந்து பார்த்து, வெள்ளைக்கார அதிகாரிகளுக்கான ஓய்வுத் தலமாகவும் வேளாண்மை நிலமாகவும் இதை உருவாக்க வேண்டும் என்று முடிவு செய்த பின்னரே, பேராக் மாநிலத்தின் தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை போடப்பட்டது. 1929இல் தொழிலதிபர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்ட அனுபவமுடைய ஏ. பி. மில்ன் என்பவரைத் துணைக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தினர் பாரத் நிறுவனத்தை நிறுவினர்; கேமரன் வேலி என்ற பெயரில் இன்று விற்பனையாகும் தேயிலை அவர்களுடையது. இந்தக் காலத்தை மனத்தில் கொள்ள வேண்டும். உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ரப்பர் விலை சரிந்து, சமவெளித் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், மலைமேல் புதிதாக ஒரு பயிர் தமிழ்க் கைகளைத் தேடியது. வேலையே அரிதாக இருந்த வேளையில் கிடைத்த அந்த வேலையின் மதிப்பைக் குறைத்துச் சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும்.

தேயிலை மற்றப் பயிர்களைவிட அதிகமான ஆட்களைக் கேட்கும் பயிர். ரப்பர் தோட்டத்தில் ஒருவர் விடியற்காலையில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவிவிட முடியும். செம்பனையில் சிலரே பல ஏக்கர் நிலத்தைக் கவனித்துவிட முடியும். ஆனால் தேயிலையில் ஒவ்வொரு செடியிலும் ஆண்டு முழுவதும், சில வாரங்களுக்கு ஒருமுறை, இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த கொழுந்தைக் கிள்ளியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெட்டித் தாழ்த்தும் கவ்வாத்தும் செய்தாக வேண்டும். கிள்ளிய கொழுந்து அன்றே தொழிற்சாலைக்குப் போய் வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, காற்றுப்பட்டு நிறம் மாறும் நொதிப்பு நிலையைக் கடந்து, சூட்டில் உலர்த்தப்பட்டு, தரம் பிரிக்கப்படுகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கிறது. ஆகவே தோட்டத்துக்கு ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் தோட்டத்திலேயே குடியிருக்கவும் வேண்டும். குடும்பமாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் கொழுந்துக்கு வருவார்கள். தோட்ட நிர்வாகங்கள் கட்டிக்கொடுத்த குடியிருப்பும் ஆயாக்கொட்டகையும் மருந்தகமும் பள்ளிக்கூடமும் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்ததும் இதனோடு சேர்ந்துகொண்டது.

இந்த ஏற்பாட்டின் பலன்கள் உண்மையானவை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இருந்ததால் தாய்மார் வேலைக்குப் போய்த் தம் பெயரில் கூலி வாங்கினர். மலேரியாவும் வயிற்றுநோயும் சமவெளித் தோட்டங்களை வாட்டிய காலத்தில் குளிர்ந்த மலைக்காற்று ஓரளவு காப்பாற்றியது. மலையூர்களான தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தோட்டங்களுக்குள்ளும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்து, தாயகத்திலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்த ஒரு சமூகம் எழுத்தறிவைத் தன் மொழியிலேயே பெற்றது. பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி கோயில் எழுந்து, தைப்பூசமும் பங்குனி உத்திரமும் மலைக்கு வந்தன. இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: கோயிலும் திருவிழாவும் தொழில் தந்த கொடை என்று கணக்கில் எழுதப்படுவது வழக்கம், நிர்வாகம் இடம் ஒதுக்கித் தந்திருக்கலாம், ஆனால் கூலியிலிருந்து உண்டியல் சேர்த்தும், ஞாயிற்றுக்கிழமைகளில் கல் சுமந்தும் அவற்றை உண்டாக்கியவர்கள் தொழிலாளர்களே.

எல்லாவற்றிலும் பெரிய பலனாகச் சொல்லப்பட்டது வீடு. வாடகையில்லாமல், வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில், தண்ணீரும் பிற்காலத்தில் மின்விளக்கும் உள்ள வீடு ஒன்று கிடைப்பது குறைந்த கூலி வாங்கும் குடும்பத்துக்குப் பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. கூலியை உயர்த்தக் கோரும் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும், இலவச வீட்டின் மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று முதலாளிமார் தரப்பு வாதாடியதும் இதனால்தான். ஆனால் அந்த வீடு வேலையின் ஒரு பகுதி. வேலையிலிருந்து விலகினாலும், நோயுற்றாலும், ஓய்வு பெற்றாலும், குடும்பத்தில் வேறொருவர் தோட்டத்தில் பெயர் பதிந்தாலொழிய, வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டு குடியிருந்தவருக்கும் அந்த வீட்டின்மீது முப்பது நாள் குடியிருந்தவருக்கு உள்ள உரிமைதான். இதன் விளைவாக, வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே மகனோ மகளோ பள்ளியை முடித்ததும் கொழுந்துக்கூடையை எடுத்த குடும்பங்கள் தோட்டப்புறமெங்கும் உண்டு. நன்மையாகக் கொடுக்கப்பட்ட ஒன்று, அடுத்த தலைமுறையை அதே வேலையில் கட்டிப்போடும் கயிறாகவும் ஆனதை எந்த ஆண்டறிக்கையும் எழுதுவதில்லை. எழுதப்பட வேண்டிய செய்தி அதுவே.

நாடு விடுதலை பெறுவதற்குச் சற்று முன்பிருந்தே சட்டங்கள் இந்த நிலையைச் சிறிது சிறிதாக மாற்றின. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி, தொழிலாளியின் பெயரிலேயே சேர்ந்து, அவர் எங்கே போனாலும் கூடவே போகும் முதல் சொத்தாக அமைந்தது. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்காகப் பேசியது. 1971இலிருந்து நடைமுறைக்கு வந்த சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புத் திட்டம் வேலையில் நேரும் விபத்துக்கு இழப்பீடு தந்தது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், வீட்டின் அளவு, தண்ணீர், கழிப்பிடம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகோலை விதித்தது. 2013இல் நாட்டின் முதல் குறைந்தபட்சக் கூலி, தீபகற்பத்துக்கு மாதம் 900 வெள்ளி என்று நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளியானது. இவற்றில் பெரும்பாலானவை தொழில் தானாக முன்வந்து கொடுத்தவை அல்ல, சங்கமும் சட்டமும் கேட்டு வாங்கியவை. தொழிலின் சமூகப் பயன் என்று இன்று எண்ணப்படுவதில் எந்த அளவு வெளியிலிருந்து வந்த வற்புறுத்தலின் பயன் என்பதை இந்த வரிசை உணர்த்துகிறது.

கூலி உயர்ந்ததும் தேயிலைக்குள்ளேயே மாற்றம் வந்தது. கையால் கிள்ளிய இடத்தில் கத்தரியும், இருவர் இருபுறமும் பிடித்துச் செடியின் தலையை வாரிச்செல்லும் இயந்திரமும் வந்தன. தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் ஓட்டுநர்களாகவும் அலுவலக ஊழியர்களாகவும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நகர்ந்த இடங்களை வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் நிரப்பினர். தொழில் நிலைத்திருக்கிறது, அதன் பயன் சேரும் ஆட்கள் மாறிவிட்டார்கள். கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் திரட்டிவந்த முந்தைய காலத்தில், 1938இல் இந்திய அரசு அப்படித் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடைசெய்யும்வரை, தமிழகத்துக் கிராமங்களுக்குப் போன பணம் இன்று வேறு நாட்டுக் கிராமங்களுக்குப் போகிறது. குடும்பமில்லாமல் தனித்து வரும் இந்தத் தொழிலாளர்களால் பள்ளிக்குப் பிள்ளைகள் சேர்வதில்லை என்பதால், தோட்டப் பள்ளிகளின் வருகைப் பதிவேடும் மெலிகிறது.

தோட்டத்துக்கு வெளியே மலைக்கு வந்த பெரும் பயன்களுள் சாலைக்கு அடுத்தது மின்சாரம். தெலோம் ஆற்றின் நீரைச் சுரங்கவழியாகப் பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பி, ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையில் தேக்கி, அங்கிருந்து மலையைக் குடைந்து பேராக் பக்கத்துப் பள்ளத்தாக்கில் விழவைத்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்காக, உலக வங்கி 1958இல் மலாயாவுக்குத் தன் முதல் கடனை வழங்கியது. 1963இல் ஜோர் நிலையம் 100 மெகாவாட் திறனோடும், 1968இல் அதற்குக் கீழே வோ நிலையம் 150 மெகாவாட் திறனோடும் இயங்கத் தொடங்கின. மேற்குக் கடற்கரையின் நகரங்களும் தொழிற்சாலைகளும் இந்த ஒளியில் வளர்ந்தன. மலைவாசிகளுக்கோ, அணை ஒரு பயனாகவும் அதே அளவுக்கு அச்சமாகவும் இருந்துவருகிறது. காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் சரிவுகள் வெட்டப்பட்டதால், மழை அரித்த மண் ஆண்டுதோறும் நீர்த்தேக்கத்தில் படிந்து அதன் கொள்ளளவைப் பெரிதும் விழுங்கிவிட்டது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் பின்னிரவில், கனமழையால் நிறைந்த அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழேயிருந்த பெர்த்தாம் வேலியில் சேறும் வெள்ளமும் புகுந்து வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோயின. மேலே ஒருவர் வெட்டிய மண்ணுக்குக் கீழே வேறொருவர் விலை கொடுத்தார். தேயிலைச் செடி நெருக்கமாக வளர்ந்து பல பத்தாண்டுகள் மண்ணைப் பிடித்திருக்கும் பயிர் என்பதால், முதலில் காட்டை அழித்த குற்றம் அதற்கு உண்டென்றாலும், ஆண்டில் பலமுறை கிளறப்படும் காய்கறி நிலத்தைவிட அது மண்ணுக்கு இதமானது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் காய்கறி நிலம்தான் கியா பார்மின் செழிப்பு. சீனக் குடும்பங்கள் முன்னின்று வளர்த்த இந்த வேளாண்மை, இன்று தீபகற்பத்தின் கோசு, தக்காளி, கீரை வகைகளில் பெரும்பங்கைத் தருவதோடு சிங்கப்பூர்ச் சந்தைக்கும் லாரிகளில் இறங்குகிறது. ஈப்போவுக்கு அருகிலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து மலைமேலுள்ள கம்போங் ராஜாவுக்குச் சாலை திறந்த பிறகு வடக்கிலிருந்தும் பயணிகள் வரத் தொடங்க, தேயிலை தானே ஒரு காட்சிப்பொருளாயிற்று. சுங்கை பாலாஸில் சரிவின்மேல் நீட்டிக் கட்டிய மேடையில் நின்று பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தோட்டத்தைப் பார்த்தபடி தேநீர் அருந்துவதற்காகவே மக்கள் மலையேறுகிறார்கள். இறங்கும்போது கியா பார்மில் காய்கறி வாங்குகிறார்கள். தங்கும் விடுதி, உணவகம், வாடகை வண்டி, வழிகாட்டி, சாலையோரக் கடை என்று இந்த ஓட்டத்தில் தோட்டக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய தமிழர்கள் பலர் தமக்கென ஓர் இடம் பிடித்திருக்கிறார்கள். இந்த வருமானம் எந்த நிறுவனத்தின் நலத்திட்டப் பட்டியலிலும் இல்லை. ஆயினும் தேயிலை தன்னையறியாமல் தந்த பயன்களுள் இதுவே பெரியதாக இருக்கக்கூடும். இங்கும் உரிமையின் குறை தொடர்கிறது: காய்கறி விவசாயிகளில் பெரும்பாலோர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தின்மேல், தோட்டப்புறத்தில் டி.ஓ.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் காகிதத்தின்மேல், நீண்டகாலம் பயிரிட்டு வந்தவர்கள். அடுத்த ஆண்டு நிலம் இருக்குமா என்று தெரியாதவர் மண்ணரிப்பைத் தடுக்கப் பணம் போடத் தயங்குவது இயல்பே.

இந்த மலையின் முதல் குடிமக்களான ஓராங் அஸ்லி மக்கள், குறிப்பாகச் செமாய் இனத்தவர், மேற்சொன்ன எந்தப் பயனிலும் முன்வரிசையில் இல்லை. அவர்கள் வேட்டையாடியும் காட்டுப்பொருள் சேகரித்தும் வாழ்ந்த நிலம், எழுத்தில் பதிவான உரிமை இல்லாததால், வெற்று நிலமாகக் கருதப்பட்டுத் தோட்டமாகவும் அணையாகவும் ஆயிற்று. 2019 ஜனவரியில் நடந்த கேமரன் மலை இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று, மலேசிய மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி ஆனார். அதற்குமுன் அத்தொகுதியின் உறுப்பினர்கள் தமிழர்களாகவே இருந்துவந்தனர் என்பதும் தேயிலைச் சமூகத்தின் அரசியல் எடையைக் காட்டுவதே.

வேலையாக வரும் பயனுக்கும் உடைமையாக வரும் பயனுக்கும் உள்ள வேறுபாட்டை ஆல்பர்ட்டாவின் பூர்வகுடிகள் நன்றாகப் புரிந்துகொண்டனர். எண்ணெய் மணல் சுரங்கங்களுக்கு நடுவே வாழும் ஃபோர்ட் மெக்கே மக்கள் தமக்குச் சொந்தமான ஒப்பந்த நிறுவனங்களை அமைத்ததோடு, மிக்கிசூ கிரீ மக்களோடு இணைந்து 2017இல் சன்கோர் நிறுவனத்தின் எண்ணெய்ச் சேமிப்புக் கிடங்கு ஒன்றில் 49 விழுக்காட்டுப் பங்கை வாங்கினர். மலாயாத் தமிழர்களுக்கு இது புதிய சிந்தனை அன்று. விடுதலைக்குப் பிறகு பிரிட்டிஷ் முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகக் கூறுபோட்டு விற்றதால், வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்து தொழிலாளர்கள் தெருவில் நின்றபோது, மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவரான வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்துத் தோட்டத்தையே வாங்குங்கள் என்று தொழிலாளர்களிடம் கேட்டார். அவர்கள் சேர்த்தார்கள், வாங்கினார்கள். தோட்டத் துண்டாடலுக்கு எதிராக நின்ற அந்தச் சங்கம், கூலிக்காரர் என்று அழைக்கப்பட்டவர்களைப் பங்குதாரர்களாக்கியது. மலைத் தேயிலையிலோ, தனியார் குடும்ப நிறுவனங்களின் கையிலேயே நிலமும் தொழிற்சாலையும் நிலைத்திருந்ததால், துண்டாடலின் கொடுமையும் இல்லை, அதற்கு மாற்றாக எழுந்த உடைமையும் இல்லை.

தேயிலையில் அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் மூணாற்றைப் பார்க்கலாம். தமிழ்த் தொழிலாளர்களே பெரும்பான்மையாக உள்ள அந்தக் கேரள மலைத் தோட்டங்களிலிருந்து 2005இல் டாட்டா நிறுவனம் விலகியபோது உருவான கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களின் பெயரில் வந்தன. ஆயினும் 2015 செப்டம்பரில் அதே தோட்டங்களின் பெண்கள், போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ‘பெண்கள் ஒற்றுமை’ என்று பொருள்படும் பெயரில் மூணாற்றுச் சாலைகளில் அமர்ந்து போராடி வென்றனர். பங்குப் பத்திரம் கையில் இருந்தும், முடிவெடுக்கும் மேசையில் இடமில்லாவிட்டால் கொழுந்து கிள்ளும் பெண் கூலிக்காரியாகவே இருக்கிறாள் என்பதை அந்தப் போராட்டம் எடுத்துக்காட்டியது.

கேமரன் மலைத் தொழிலாளிக்கு இப்போது முதன்மையான தேவை, பங்குப் பத்திரத்துக்கும் முன்பாக, தன் பெயரில் ஒரு வீட்டுமனை. அறுபது வயதில் ஓய்வு பெறும் நாளில் தோட்டத்து வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் போகவேண்டிய இடம் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ கம்போங் ராஜாவிலோ இருந்தால்தான், அவர் பேரப்பிள்ளை தமிழ்ப்பள்ளியில் படிக்கும், அவர் கட்டிய கோயிலில் அவரே விளக்கேற்றுவார். அந்த ஊர்களிலோ, விடுதிகளும் விடுமுறை இல்லங்களும் போட்டியிட்டு வாங்குவதால், சமநிலம் அரிதான இந்த மலையில் மனையின் விலை தோட்டக் கூலிக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. அந்த விலையை ஏற்றியது, சுங்கை பாலாஸ் மேடையிலிருந்து மக்கள் பார்த்து வியக்கும் பச்சைச் சரிவு. அந்தச் சரிவை அப்படி வைத்திருப்பது, மூன்று தலைமுறையாக அதைக் கிள்ளியும் கவ்வாத்து செய்தும் வந்தவர்களின் கை.